டாக்டர் ஏன் ஆபரேஷனுக்கு எழுதித் தரவில்லை?



பிள்ளைக்கு மறுபடியும் தொண்டை வலி. இரவெல்லாம் காய்ச்சல். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் அழுகிறான். பொழுது விடிந்ததும் வேலைக்கு வர முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறீர்கள். நம்பர் எடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, உள்ளே போனதும் மனத்தில் உள்ளதைக் கொட்டிவிடுகிறீர்கள்.

"டாக்டர், இவனுக்கு இந்த டான்சிலை எடுத்துவிடச் சொல்லி பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். இனி எங்களால் தாங்க முடியாது."

டாக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்க்கிறார். கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார். இரண்டு கேள்வி கேட்கிறார். பிறகு, "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் அம்மா. காய்ச்சலுக்கு மருந்து தருகிறேன். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்கிறார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் உங்கள் மனம் கொதிக்கிறது. 'காசுள்ளவன் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா? நாம் ஏழைகள் என்பதால்தானே இந்த அலட்சியம்?'

இந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். என் சொந்த அக்காள் வீட்டிலேயே இதைக் கண்டவன் நான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், அந்த டாக்டரின் மனத்தில் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன ஓடியது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால் அடுத்த முறை அவர் முன் உட்காரும்போது என்ன பேசுவது, எதைக் கையில் கொண்டுபோவது என்பது நமக்கு விளங்கிவிடும்.

வாசலில் நிற்பவர்

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டுமானால், முதலில் ஒரு சாதாரண டாக்டர் கடிதம் எழுதித் தரவேண்டும். கையில் பணமோ காப்புறுதி அட்டையோ உள்ளவர்கள் தனியார் மருத்துவமனைக்கு நேரே போய்விடலாம். ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகும். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வழி இல்லை. ஆகவே கிளினிக் டாக்டர்தான் நமக்கு வாசல். அவர் கதவைத் திறந்தால் உள்ளே போகலாம்.

யாரை உள்ளே அனுப்புவது, யாரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்று அவர் எப்படி முடிவு செய்கிறார்? பல நோய்களுக்கு இதற்கென்று வழிகாட்டி ஏடுகள் இருக்கின்றன. நிபுணர்கள் கூடி, உலகில் நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் அலசிப் பார்த்து, 'இன்ன நிலையில் அனுப்புங்கள், இன்ன நிலையில் பொறுத்துப் பாருங்கள்' என்று எழுதி வைத்தவை அவை. நம் சுகாதார அமைச்சும் மருத்துவ அகாடமியோடு சேர்ந்து பல நோய்களுக்கு இப்படிப்பட்ட ஏடுகளை வெளியிட்டு வருகிறது.

இப்படி ஓர் ஏடு எதற்கு, படித்த டாக்டருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பதிலாக ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் நடந்தது.

ஆயிரம் பிள்ளைகளின் கதை

1934ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் பள்ளிக்கூடத்தில் படிக்கும் 11 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 611 பேருக்கு டான்சில் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. மிச்சம் 389 பேர். அவர்களைப் பள்ளி மருத்துவர்கள் பார்த்தார்கள். 174 பேருக்கு ஆபரேஷன் தேவை என்றார்கள்.

தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரையும் வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள். இந்தப் பிள்ளைகளின் தொண்டை நன்றாக இருக்கிறது என்று முன்பே ஒரு குழு சொல்லியாகிவிட்டது. இருந்தும் இரண்டாவது குழு 99 பேருக்கு ஆபரேஷன் தேவை என்றது! மீதி 116 பேரை மூன்றாவது தடவையாக வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்களிலும் 51 பேருக்குச் சீட்டு எழுதப்பட்டது. மூன்று சோதனை முடிந்தபோது கத்தி தேவையில்லை என்று மிஞ்சியவர்கள் ஆயிரத்தில் 65 பேர்தான்.

ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதிப் பேரைப் பொறுக்கியிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? பிள்ளையின் தொண்டை எப்படி இருந்தது என்பதைவிட, 'நூறு பிள்ளை வந்தால் பாதிப் பேருக்காவது தேவைப்படும்' என்ற பழக்கம்தான் அங்கே முடிவு செய்திருக்கிறது.

இங்கிலாந்திலும் இதே கதைதான். ஆலிசன் குளோவர் என்ற மருத்துவர் 1938ஆம் ஆண்டில் அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் டான்சில் ஆபரேஷன் கணக்கை வெளியிட்டார். ஒரு வட்டாரத்தில் ஏராளமான பிள்ளைகளுக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. பக்கத்து வட்டாரத்தில் மிகக் கொஞ்சம். காற்று ஒன்று, குளிர் ஒன்று, சாப்பாடு ஒன்று. வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை. ஹார்ன்ஸி என்ற ஊரில் 1929ஆம் ஆண்டில் பள்ளி மருத்துவர் மாறினார். புதியவர் வந்ததும் ஆபரேஷன் எண்ணிக்கை முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அதனால் பிள்ளைகளுக்குக் கெடுதல் ஒன்றும் வந்துவிடவில்லை.

இன்னொன்றையும் குளோவர் கண்டார். டான்சில் ஆபரேஷன் அதிகமாக நடந்தது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைவு. வசதியுள்ளவர்கள் காசு கொடுத்து வாங்கியது பல வேளைகளில் தேவையற்ற கத்தியைத்தான். மயக்க மருந்தும் இரத்தக் கசிவும் அந்தக் காலத்தில் ஆபத்து மிகுந்தவை. இந்த ஆபரேஷனாலேயே உயிரிழந்த பிள்ளைகளும் உண்டு. ஆகவே, 'காசுள்ளவன் பிள்ளைக்கு உடனே எடுத்துவிடுவார்கள்' என்று நாம் ஏங்குவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும்.

ஏழு, ஐந்து, மூன்று

அப்படியானால் யாருக்குத்தான் எடுப்பது? இதற்கு ஒரு தெளிவான கணக்குப் போட்டவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸ். 1984ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சியில் 187 பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரும் தொண்டை நோயால் மிகவும் அவதிப்பட்டவர்கள். எவ்வளவு அவதி என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் இதுதான்:

ஒரே ஆண்டில் 7 தடவை தொண்டைப் புண் வந்திருக்க வேண்டும். அல்லது, தொடர்ந்து 2 ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 தடவை. அல்லது, தொடர்ந்து 3 ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 தடவை.

சும்மா தொண்டை கரகரத்தால் அது கணக்கில் சேராது. தொண்டை வலியோடு 38.3 டிகிரியாவது காய்ச்சல், கழுத்தில் நெரி கட்டுதல், டான்சிலில் வெள்ளைப் படலம், பரிசோதனையில் குறிப்பிட்ட கிருமி தெரிதல் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டாக்டர் பார்த்து எழுதி வைத்திருக்கவும் வேண்டும்.

ஆராய்ச்சியின் முடிவு என்ன? ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் தொண்டை நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஆபரேஷன் செய்யாத பிள்ளைகளிலும் பலருக்கு நோய் தானாகவே குறைந்து போயிற்று. இவ்வளவு அவதிப்பட்டவர்களுக்கே இப்படியென்றால், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் வருகிற பிள்ளைக்கு ஆபரேஷனால் கிடைக்கும் லாபம் மிகச் சிறிது என்பது விளங்குகிறதல்லவா? பிறகு 2010ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு வழிகாட்டி ஏட்டிலும், 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கத் தொண்டை நிபுணர்கள் வெளியிட்ட ஏட்டிலும் இந்த ஏழு, ஐந்து, மூன்று கணக்கே இடம்பெற்றது.

டான்சில் என்பது தொண்டையின் இரண்டு பக்கமும் காவல் நிற்கும் சதை. சிறு வயதில் அது பெரிதாகத்தான் இருக்கும். பிள்ளை வளர வளரச் சுருங்கிவிடும். பார்வைக்குப் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை வெட்டி எறிய வேண்டியதில்லை. தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸ் கிருமியால் வருவது. ஒரு வாரத்தில் அது தானாகவே அடங்கிவிடும். இதையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் உங்கள் டாக்டர் "இப்போதைக்கு வேண்டாம்" என்றார்.

டாக்டர்களின் மனநிலை

'ஏட்டில் எழுதியிருக்கிறது, டாக்டர் அதன்படி நடக்கிறார்' என்று கதை இத்தோடு முடிந்துவிடவில்லை. இந்த ஏடுகளைப் பற்றி டாக்டர்களுக்குள்ளேயே பல மனநிலைகள் உண்டு. அதை அறிந்து வைப்பது நமக்கு நல்லது.

சிலர் இதை ஊன்றுகோலாக நினைக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த இளம் டாக்டரிடம் ஒரு தாய் அழுதுகொண்டு வந்து நின்றால் அவர் தடுமாறிப் போவார். ஏடு கையில் இருந்தால், "என் சொந்த அபிப்பிராயமில்லை அம்மா, நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னது" என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

சிலர் இதைச் சமையல் குறிப்பு என்று கேலி செய்கிறார்கள். உப்பு இவ்வளவு, புளி இவ்வளவு என்று எழுதி வைத்து மனிதனுக்கு வைத்தியம் பார்க்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி. இருபது முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் நோயாளிகளைப் பார்த்தவர்கள் அவர்கள். எந்தப் பிள்ளை சொன்னபடி மருந்து குடிக்கும், எந்த வீட்டில் புகை அதிகம், எந்தத் தாய் காரணமில்லாமல் பயப்படமாட்டாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஏட்டுக்கு அது தெரியாது.

இன்னும் சிலருக்குச் சந்தேகம். 'இதை எழுதியவர்கள் பெரியாஸ்பத்திரி நிபுணர்கள். நம் கிளினிக்கில் உட்கார்ந்து ஒரு நாள் பார்த்திருப்பார்களா? செலவைக் குறைப்பதற்காக எழுதினார்களா, நோயாளியின் நன்மைக்காக எழுதினார்களா?' என்று கேட்பவர்களும் உண்டு.

வேறு சிலருக்கு ஏடுகளின் கூட்டமே பாரம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ், ஹண்டிங்டன் வட்டாரத்துக் குடும்ப டாக்டர்களிடம் இருந்த வழிகாட்டிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். 1998ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கு அது. மொத்தம் 855 வழிகாட்டிகள்! அடுக்கி வைத்து நிறுத்துப் பார்த்தால் 28 கிலோ. அரிசி மூட்டை மாதிரி கனக்கும் காகிதத்தை ஒரு டாக்டர் என்றைக்குப் படித்து முடிப்பது?

அமெரிக்காவில் கபானா என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1999ஆம் ஆண்டில், டாக்டர்கள் ஏன் வழிகாட்டியின்படி நடப்பதில்லை என்று முந்தைய ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்து ஆராய்ந்தார்கள். அப்படி ஒரு ஏடு இருப்பதே தெரியாதது, தெரிந்தும் ஒப்புக்கொள்ளாதது, 'இதனால் என்ன ஆகப்போகிறது' என்ற அவநம்பிக்கை, பழக்கத்தை விட முடியாமை, நேரமின்மை என்று பல காரணங்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று நம்மைப் பற்றியது. நோயாளியும் குடும்பமும் கொடுக்கும் நெருக்குதல்! ஆம். நாம் அழுது அடம்பிடித்தால், தேவையில்லை என்று தெரிந்தும் சில டாக்டர்கள் எழுதித் தந்துவிடுகிறார்கள். அதை நம் வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது.

ஏடுகளால் பயனே இல்லையா என்றால், உண்டு. கிரிம்ஷா, ரஸ்ஸல் என்ற இருவர் 1993ஆம் ஆண்டில் 59 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், நான்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் வழிகாட்டி வந்தபின் சிகிச்சை முறை முன்னேறியிருந்தது. நல்ல டாக்டர் ஏட்டையும் படிப்பார், எதிரே இருக்கும் பிள்ளையையும் பார்ப்பார். இரண்டில் ஒன்றை விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு என் அக்காள் வீடே சாட்சி.

அக்காள் வீட்டுக் கதை

என் அக்காள் குடும்பம் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தது. அவளுடைய கடைசிப் பையனுக்கு அப்போது ஆறு வயது. அடிக்கடி சளி பிடிக்கும். தொண்டை வலியும் காய்ச்சலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வரும். அக்காள் ஒரு கிளினிக்கில் ஆபரேஷனுக்குக் கடிதம் கேட்டாள். அங்கே இருந்த டாக்டர் எத்தனை முறை காய்ச்சல் வந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். "ஏழு முறை வரவேண்டும். போதாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கணக்கு சரிதான். ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.

பையன் முதலாம் ஆண்டில் சேர்ந்தான். வகுப்பில் மேசைமேல் தலை வைத்துத் தூங்குகிறான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. படிப்பு ஏறவில்லை. சோம்பேறி என்று பெயர். இரவில் படுக்கையை நனைத்துவிடுவான். "முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்கு வெட்கமில்லையா?" என்று அத்தான் பிரம்பை எடுப்பார். அடி வாங்கிவிட்டு அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் மூலையில் போய் உட்காரும். உடம்பும் தேறவில்லை.

ஒரு விடுமுறையில் நான் போயிருந்தேன். இரவில் அவன் பக்கத்தில்தான் படுத்தேன். ஆறு வயதுப் பிள்ளை பெரிய மனிதனைப் போலக் குறட்டை விட்டான். திடீரென்று குறட்டை நின்றது. மூச்சுச் சத்தமே இல்லை. நான் பயந்து எழுந்து உட்கார்ந்தேன். பிறகு திணறிக்கொண்டு ஒரு பெருமூச்சு. மறுபடி குறட்டை. விடியும்வரை இதே கதை. "அவன் பிறவியிலேயே இப்படித்தான், அவன் தாத்தாவும் இப்படித்தான்" என்று அக்காள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்த டாக்டர் காய்ச்சல் கணக்கைக் கேட்டார். அதோடு நிறுத்தவில்லை. "இரவில் எப்படித் தூங்குகிறான்?" என்று கேட்டார். நான் சொன்னேன். படுக்கையை நனைக்கிறானா, பகலில் தூங்குகிறானா, பள்ளியில் எப்படி என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அன்றைக்கே கடிதம் எழுதிவிட்டார்.

பெரிதாகிப்போன டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையும் அவன் மூச்சுப் பாதையை இரவெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. அவன் உடம்பு ஒரு நாளும் உண்மையாகத் தூங்கியதில்லை. சோம்பேறித்தனம் என்று நாங்கள் நினைத்தது தூக்கமின்மை. வெட்கமில்லாத்தனம் என்று அடித்தது நோய். ஆபரேஷன் நடந்து சில வாரங்களில் குறட்டை போயிற்று. படுக்கை நனைவது சிறிது சிறிதாக நின்றது. அத்தான் அந்தப் பிரம்பை எங்கே போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

முதல் டாக்டர் மீது குற்றமா? அவர் ஏட்டில் பாதியை மட்டும் பார்த்தார். அதே வழிகாட்டிகளில் தூக்கத்தில் மூச்சடைப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறது. குறட்டை விடும் பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைவு, படிப்பில் பின்னடைவு, படுக்கை நனைத்தல் இருக்கிறதா என்று கேட்கும்படி அமெரிக்க நிபுணர்களின் ஏடு சொல்கிறது. காய்ச்சல் கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரவில் நடப்பதைப் பகலில் பார்க்கிற டாக்டர் எப்படி அறிவார்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தானே?

நம் கையில் ஒரு கணக்கு

பால்மரம் வெட்டிய காலத்தில் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? பால் நிறுக்கும் கொட்டகையில் கிராணியார் எழுதும் கணக்கோடு விட்டுவிடவில்லை. இன்றைக்கு எத்தனை ராத்தல் என்று வீட்டுக் காலண்டரில் பென்சிலால் கிறுக்கி வைத்தார்கள். சம்பள நாளில் குறைந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கணக்கு கையில் இருந்தவனுக்குச் சண்டை போடும் அவசியம் வரவில்லை.

பிள்ளையின் நோய்க்கும் அதே கணக்கு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். ஏழு, ஐந்து, மூன்று என்ற அளவுகோலைப் பார்க்க டாக்டருக்கு மூன்று ஆண்டுக் கணக்கு தேவை. நம் பிள்ளைகளின் கணக்கு ஓரிடத்திலும் முழுதாக இருப்பதில்லை. ஒரு காய்ச்சலைத் தோட்டத்து மருந்தகத்தில் பார்த்திருப்போம். அடுத்ததை அரசாங்கக் கிளினிக்கில், அதற்கடுத்ததைக் கம்பெனி குறித்துக் கொடுத்த கிளினிக்கில், இன்னொன்றைப் பாட்டி வீட்டுக்குப் போன ஊரில். தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோனால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு டாக்டருக்கும் இது 'முதல் தடவை'. உண்மையிலேயே ஆபரேஷன் தேவைப்படும் பிள்ளைகூட இப்படி ஏட்டுக் கணக்கில் தேறாமல் போய்விடலாம். ஒரே குடும்ப டாக்டரிடம் பல ஆண்டுகள் போகிற வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கஷ்டமில்லை. நமக்கு இருக்கிறது. அதை ஈடுகட்ட ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, பிள்ளையின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு தடவை தொண்டை வலி வரும்போதும் ஒரு வரி எழுதுங்கள். தேதி, காய்ச்சல் எத்தனை டிகிரி, தொண்டையில் வெள்ளை தெரிந்ததா, கழுத்தில் நெரி கட்டியதா, எந்தக் கிளினிக், என்ன மருந்து, எத்தனை நாள் பள்ளி போகவில்லை. அவ்வளவுதான். எழுதத் தெரியாத பாட்டி வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், பேரப்பிள்ளைகளில் மூத்ததை எழுதச் சொல்லுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை இரவுக்கு ஒதுக்குங்கள். குறட்டை, மூச்சு நிற்பது, திணறி எழுவது, வாயைத் திறந்தபடி தூங்குவது, படுக்கை நனைவது ஆகியவற்றை அங்கே எழுதுங்கள். கைப்பேசி உள்ளவர்கள் பிள்ளை தூங்குவதைச் சில நிமிடம் படம் பிடித்து டாக்டரிடம் காட்டலாம். ஆயிரம் வார்த்தையில் விளக்குவதைவிட அது மேல்.

டாக்டரிடம் போனதும் "எடுத்துவிடுங்கள்" என்று தொடங்காதீர்கள். நோட்டை நீட்டி, "இதுதான் இவன் கணக்கு டாக்டர்" என்று சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இவனுக்கு ஆபரேஷன் இப்போது ஏன் தேவை, அல்லது ஏன் தேவையில்லை? பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகலாம்? என்ன நடந்தால் உடனே திரும்பி வரவேண்டும்? மரியாதையோடு கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்கமாட்டார். ஏட்டைச் சமையல் குறிப்பு என்று கேலி செய்பவரும், ஏட்டை வேதமாக நம்புபவரும், இந்த நோட்டைப் பார்த்தால் பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். பதில் மனத்துக்குத் திருப்தியில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் 'எழுதித் தருகிறவர் கிடைக்கும்வரை' அலைவது வேறு. அந்த நியூயார்க் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாசலில் யாராவது கட்டாயம் எழுதித் தந்துவிடுவார்!

காத்திருக்கக் கூடாத வேளை

பொறுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னது எல்லா நிலைக்கும் பொருந்தாது. பிள்ளை மூச்சு விடத் திணறினால், எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் வழிய விட்டால், வாயைத் திறக்க முடியாமல் போனால், ஒரு பக்கம் மட்டும் தொண்டை வீங்கிக் குரல் மாறினால், தண்ணீரும் இறங்காமல் சோர்ந்து விழுந்தால், அப்போது எந்தக் கணக்கும் வேண்டாம், எந்தக் கடிதமும் வேண்டாம். நடு இரவானாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அதேபோல், டாக்டரே "ஆபரேஷன் தேவை" என்று சொல்லி, காரணத்தையும் விளக்கிவிட்டால், பயந்து பின்வாங்காதீர்கள். 'கத்தி பட்டால் குரல் போய்விடும்', 'பிள்ளை ஊமையாகிவிடும்' என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் கேட்டுக் குறித்த தேதியைத் தவறவிடுகிற தாய்மார்கள் நம்மில் உண்டு. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் இது. வலி ஒரு வாரம், இரண்டு வாரம் இருக்கும். பிள்ளைக்குத் தண்ணீரும் ஆகாரமும் நிறையக் கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆபரேஷன் நடந்த அன்றோ, வீட்டுக்கு வந்து ஐந்து முதல் பத்து நாளுக்குள்ளோ தொண்டையிலிருந்து இரத்தம் வந்தால், கொஞ்சம்தானே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். புறப்படுமுன் எந்த வாகனம், யார் ஓட்டுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வழி தூரமல்லவா?

என் அக்காள் மகன் இப்போது வாட்டசாட்டமான வாலிபன். தன் கைக்குழந்தையின் பெயரில் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறான். முதல் பக்கத்தில் தடுப்பூசித் தேதிகள். கடைசிப் பக்கத்தில், 'இரவு நன்றாகத் தூங்கினாள்' என்று ஒரே வரி. அதை என்னிடம் காட்டியபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. அக்காள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

இன்றைக்கு இரவு, உங்கள் பிள்ளை தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.